பேப்பர் அக்காவின் அலமாரி

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசிய பெரியோர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த அம்மையாரின் கணவர் அவர்களே, அவர்கள் மகளே, ஓடுகிறவர்களே, தாண்டுகிறவர்களே, எறிகிறவர்களே, ஒரு காலத்தில் இந்த மைதானத்தில் பறந்துவிட்டு இன்று மூச்சு வாங்கப் படியேறி வந்திருக்கும் பழைய பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

என்னை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முப்பத்தொரு வருஷம் இங்கே தலைமைப் பயிற்சியாளனாக இருந்து உங்களிடம் கத்தித் தீர்த்தவன். எனக்கு ஒலிபெருக்கி எதற்கு என்று நீங்கள் கேலி செய்வது எனக்கும் தெரியும்.

எழுதி வைத்த உரை ஒன்று என் சட்டைப் பையில் இருக்கிறது. நான்கு பக்கம். 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று தொடங்கும். நல்ல உரைதான். மகனிடம் படித்துக் காட்டினேன், பரவாயில்லை என்றான். அதை நான் வாசிக்கப்போவதில்லை. அதற்குக் காரணம் உங்கள் கையில் இருக்கும் நினைவு மலர்.

மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். மேலிருந்து ஆறாவது வரி. 'பணியின் தொடக்கத்தில் வீராங்கனை ஒருவரின் ரகசியத் தாள் வெளியான சறுக்கலுக்குப் பிறகும் மனம் தளராமல் மீண்டு எழுந்தவர்.' தலைவர் அவர்கள் சற்று முன் பேசும்போது இதையே இன்னும் அன்பாகச் சொன்னார். 'மனுஷங்கன்னா ஒரு தப்பு நடக்கும், அதைத் தாண்டி வந்தாங்க பாருங்க, அதுதான் பெருமை' என்றார். நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். நானும் மேடையில் உட்கார்ந்து தலையாட்டினேன். பழக்கம் அப்படி. ஒன்பது வருஷமாக அந்த இடம் வரும்போதெல்லாம் என் தலை தானாக ஆடும்.

சறுக்கியது யார்? அந்தத் தாளை வெளியே எடுத்தது யார்? எடுத்தவன் மேடையில் உட்கார்ந்திருக்க, எடுக்காதவரின் பெயரில் அச்சேறியிருக்கிறதே, இது எந்த ஊர் நியாயம்?

சொல்கிறேன். அதற்கு முன், அவர் யார் என்று சொல்ல வேண்டும். புதிய பிள்ளைகள் பலர் இருக்கிறீர்கள்.

மனநல ஆலோசகர் என்பது அவருடைய பதவிப் பெயர். பிள்ளைகள் வைத்த பெயர் பேப்பர் அக்கா. எப்போதும் நெஞ்சோடு ஒரு கட்டுத் தாளை அணைத்துக்கொண்டு நடப்பார், அதனால் வந்த பெயர். நான் அவரைவிடப் பதினொரு வயது மூத்தவன். ஆனாலும் எல்லோரோடும் சேர்ந்து எனக்கும் அவர் அக்கா ஆகிவிட்டார். நேரில் மட்டும் 'அம்மா' என்பேன். அவர் என்னை 'சார்' என்பார். அந்தச் சாரில் மரியாதையும் இருக்கும், கொஞ்சம் கிண்டலும் இருக்கும்.

பதினான்கு வருஷத்துக்கு முன் வந்தார். சங்கம் எனக்கு ஒரு மசாஜ்காரரைத் தருவதாகச் சொல்லியிருந்தது. வந்தவர் இவர். எனக்கு எரிச்சல். பார்வையாளர் படிக்கட்டுக்குக் கீழே, தடை ஓட்டத்துக்கான தடைகளை அடுக்கி வைக்கும் அறையைக் காட்டி, "இதுதாம்மா உங்க இடம்" என்றேன். "தடையெல்லாம் எங்க சார் போகும்?" என்று கேட்டார். "அது எங்கயும் போகாது. நீங்க அதுக்கு நடுவுல உட்காருங்க" என்றேன். அவர் சிரித்தார். அன்று மாலைக்குள் தானே கூட்டி, துடைத்து, தடைகளை ஒரு சுவரோரம் ஒதுக்கி, இரண்டு நாற்காலி போட்டுவிட்டார். இரண்டையும் எதிரெதிராகப் போடவில்லை, பக்கத்துப் பக்கத்தில் போட்டார். ஏன் என்று கேட்டேன். "மூஞ்சியைப் பார்த்தா ஆளுங்க நல்ல பதிலாச் சொல்லுவாங்க சார். எனக்கு உண்மையான பதில் வேணும்" என்றார்.

தாள்களைப் பூட்டி வைக்க அலமாரி வேண்டும் என்றார். என் அறையில் இருந்த பழைய இரும்பு அலமாரியைக் கொடுத்தேன். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு இரண்டு சாவி. ஒன்றை அவரிடம் கொடுத்தேன். இன்னொன்று என் சாவிக் கொத்திலேயே இருந்துவிட்டது. மறந்துபோய் வைத்திருந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். நான் மறக்கவில்லை.

போட்டிப் பருவத்தின் தொடக்கத்தில் ஒவ்வொருவரையும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எதுக்கு ஓடுற?" என்பது. இதென்ன கேள்வி என்று நான் நக்கலடிப்பேன். நாட்டுக்காக, பதக்கத்துக்காக என்றுதானே எல்லோரும் சொல்வார்கள்? அவரிடம் அப்படி யாரும் சொல்லவில்லை. வட்டு எறிகிற ஒருத்தி சொன்னாளாம்: "வீட்ல நான் எதைத் தொட்டாலும் உடையும்னு திட்டுவாங்கக்கா. இங்க தூக்கி எறிஞ்சா கை தட்டுறாங்க." நீளம் தாண்டுகிறவன் ஒருவன், "ஹாஸ்டல்ல ரெண்டாவது தடவை கேட்டாலும் சாப்பாடு போடுறாங்க" என்றான். அவன் இங்கேதான் இருக்கிறான், இரண்டு நாற்காலிக்கு ஒருத்தனாக. மன்னித்துக்கொள்ளப்பா. இந்த இரண்டு பதிலையும் யார் சொன்னது என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. நீங்களே பிற்பாடு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததுதான் என் காதுக்கு வந்தது.

"சாப்பாட்டுக்காக ஓடுறது ஒரு லட்சியமாம்மா?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "பெரிய லட்சியம் சொல்றவங்க மூணாவது தோல்வியிலயே பெட்டியைக் கட்டிடுவாங்க சார். தனக்கு என்ன வேணும்னு தெரிஞ்சவன் இருப்பான்." அவன் எட்டு வருஷம் இருந்தான். லட்சியம் சொன்ன எத்தனையோ பேர் நான்கே மாதத்தில் போய்விட்டார்கள்.

அடுத்தது அந்தத் தாள். போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பு ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுப்பார். பதினைந்து வாக்கியம். 'எனக்கு வயிறு கலங்குகிறது.' 'என் கைகள் சில்லென்று இருக்கின்றன.' 'நான் தோற்றுவிட்டால் வீட்டில் எப்படி முகத்தைக் காட்டுவது என்று நினைக்கிறேன்.' இப்படிப் பதினைந்து. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து நான்கு வரை மதிப்பெண் போட வேண்டும். துளியும் இல்லை என்றால் ஒன்று. தாங்க முடியவில்லை என்றால் நான்கு. ஆகக் குறைந்தது பதினைந்து, அதிகபட்சம் அறுபது. கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரே வார்த்தை சொல்வார்: "இதை நீ பார்ப்ப, நான் பார்ப்பேன். மூணாவது கண்ணு பார்க்காது."

அந்த வார்த்தையை நம்பித்தான் பிள்ளைகள் எழுதினார்கள். என்னிடம் 'நல்லா இருக்கேன் சார்' என்று விறைப்பாக நின்றவர்கள் எல்லாம் அந்தத் தாளில் அழுதிருக்கிறார்கள்.

ஒருமுறை என்னிடமும் ஒரு தாளை நீட்டினார். "நீங்களும் போட்டுப் பாருங்களேன் சார்." நான் சிரித்தேன். "எனக்கு எதுக்கும்மா பயம்? நானா ஓடப் போறேன்?" என்றேன். போட்டி நாளன்று நான் மூன்று முறை கழிப்பறைக்குப் போய் வருவது அவருக்குத் தெரியும். கேட்டால், 'டீ சரியில்லை' என்பேன். முப்பது வருஷமாக இந்த ஊரில் எனக்கு ஒரு டீயும் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன், நம் மைதானத்திலேயே நடந்த போட்டி. பெண்கள் தொடர் ஓட்டம், நான்கு பேர், ஆளுக்கு நூறு மீட்டர் ஓடி பேட்டன் கோலைக் கை மாற்ற வேண்டும். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் நம் அணி மேல்மட்டப் போட்டிக்குப் போகும். அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் நான்காவதாக வந்திருந்தோம். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் பயிற்சியாளரை மாற்றுவது என்று குழுவில் பேச்சு அடிபட்டது. என் வயிற்றில் புளியைக் கரைத்தது. வெளியில் சொல்லவில்லை. வெளியில் கத்தினேன்.

மூன்றாவதாக ஓடுகிறவள் வளைவில் ஓட வேண்டும். அதற்கென்றே பிறந்த ஒருத்தி நம்மிடம் இருந்தாள். பத்தொன்பது வயது. வளைவுக்காரி என்று நான்தான் பெயர் வைத்தேன். நேராக ஓடச் சொன்னால் சுமாராக ஓடுவாள். வளைவு வந்தால் காலில் எதுவோ புகுந்துவிடும். ஆனால் போட்டிக்கு முன்பு அவளைப் பார்க்கச் சகிக்காது. முகம் வெளுத்து, உதடு காய்ந்து, ஷூ நாடாவைப் பத்துத் தடவை அவிழ்த்துக் கட்டுவாள். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பார்க்கப் பார்க்க நடுக்கம். அவளுடைய நடுக்கமா, என்னுடையதா என்று இப்போது கேட்டால் பதில் தெரியும். அன்று தெரியவில்லை.

அக்கா தாள்களை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பிள்ளைகள் உடம்பைச் சூடேற்றும் இடத்துக்குப் போயிருந்தார். நான் படிக்கட்டுக்குக் கீழே போனேன். சாவிக் கொத்தை எடுத்தேன். திறந்தேன்.

எத்தனை எளிது பாருங்கள். இரண்டே நிமிஷம். ஐந்து வருஷமாக அந்தத் தாளை நான் மதித்ததே இல்லை. மனசுக்கு மார்க் போடுற கூத்து என்று உங்கள் முன்னாலேயே பேசியிருக்கிறேன். எனக்குப் பயம் வந்ததும் அந்த மார்க்கைத் தேடித்தான் ஓடினேன்.

வளைவுக்காரியின் தாளில் ஐம்பத்து நான்கு. மாற்று ஆளாக வைத்திருந்த நெட்டையின் தாளில் பத்தொன்பது.

பூட்டினேன். மைதானத்துக்கு நடந்தேன். எல்லோர் முன்னாலும் வளைவுக்காரியைக் கூப்பிட்டு, "நீ இன்னைக்கு ஓடலை. நெட்டை ஓடட்டும்" என்றேன்.

"ஏன் சார்?" என்று கேட்டாள்.

உடம்பு சரியில்லாத மாதிரி இருக்கிறாய் என்று சொல்லியிருக்கலாம். ஆயிரம் பொய் இருந்தது. நான் சொன்னது இது: "கை நடுங்குதுன்னு நீயே நாலு மார்க் போட்டிருக்கியே. அந்தக் கையில பேட்டனை எப்படிப் பிடிப்ப?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. திரும்பி அக்காவைப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகளும் அக்காவைத்தான் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அங்கேயே என் குட்டு வெளிப்பட்டிருக்கும். பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று பிறகு கேட்டேன். "இன்னும் அரை மணி நேரத்துல நாலு பொண்ணுங்க ஓடணும் சார். அவங்க முன்னாடி நாம ரெண்டு பேரும் சண்டை போடலாமா?" என்றார்.

ஓட்டம் என்ன ஆயிற்று என்று பழையவர்களுக்குத் தெரியும். நெட்டையைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று மாதமாக வளைவில் பயிற்சியே எடுக்காதவளை அரை மணி நேரத்துக்கு முன் கூப்பிட்டு நிறுத்தினேன். அவள் நிதானமான பெண். அந்த நிதானத்தோடே நின்றாள். இரண்டாவதாக ஓடி வந்தவள் தரையில் போட்ட குறியைத் தொட்டதுமே இவள் கிளம்பியிருக்க வேண்டும், தாண்டிய பிறகுதான் கிளம்பினாள். வந்தவள் இவள் முதுகில் மோதாமல் இருக்க வேகத்தைக் குறைத்தாள். பேட்டன் கை மாறுவதற்குள் ஐந்து அணி போய்விட்டது. ஆறாவதாக வந்தோம்.

அன்று மாலை அக்கா என் அறைக்கு வந்து ஒரு தாளை மேசையில் வைத்தார். எதிரில் உட்காரவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அந்தத் தாளில் பெயர் இல்லை. எண்கள்தான். வளைவுக்காரியின் அதற்கு முந்தைய ஆறு போட்டிகள். "இதை உங்ககிட்ட காட்டலாமான்னு அவகிட்ட கேட்டேன். இனிமே யாருக்கு வேணா காட்டுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டா" என்றார்.

ஐம்பத்தொன்று, ஐம்பத்து மூன்று, நாற்பத்தொன்பது. பக்கத்தில் ஓடிய நேரம். ஐம்பத்தைந்து போட்டிருந்த அன்றுதான் அவள் வாழ்நாளிலேயே வேகமாக ஓடியிருக்கிறாள். ஒரே ஒருமுறை முப்பத்தொன்று போட்டிருக்கிறாள். அன்று கடைசியாக வந்திருக்கிறாள்.

"அவ சுபாவம் அப்படி சார். அவளுக்குப் பயம் வந்தாத்தான் கால் வரும். நெட்டைக்குப் பயம் வந்தா கால் கட்டிக்கும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு அளவு இருக்கு. என்னைக் கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பேனே" என்றார்.

நான் தாளை அவர் பக்கம் திருப்பித் தள்ளினேன். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்: "இன்னைக்கு மைதானத்துல இருந்தவங்க எல்லாருக்கும் தாள் கொடுத்திருந்தா, யாருக்கு மார்க் அதிகமா வந்திருக்கும்னு நினைக்கிறீங்க சார்?"

"என்ன பேச்சும்மா இது" என்று எழுந்து போய்விட்டேன்.

பயந்தவள் அந்தப் பெண் இல்லை, நான். பயத்தைத் தூக்கிக்கொண்டு ஓடத் தெரிந்தவளை வெளியே உட்கார வைத்துவிட்டு, பயத்தை மறைக்க மட்டுமே தெரிந்தவன் அணியைத் தேர்ந்தெடுத்தேன்.

சரி, அவசரத்தில் செய்துவிட்டான் என்று நீங்கள் என்னை மன்னிக்கத் தயாராகலாம். ஆகாதீர்கள். இனிதான் இருக்கிறது.

மூன்று நாள் கழித்து விசாரணை. தலைவர் அவர்களே, உங்கள் அறையில்தான் நடந்தது, நான்கு பேர் இருந்தோம். ரகசியத் தாள் எப்படி வெளியே போயிற்று என்று நீங்கள் கேட்டீர்கள். நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். "அவங்க அலமாரியில இருந்துதான் வந்தது."

இந்த வாக்கியத்தில் ஒரு சொல்லாவது பொய்யா? அத்தனையும் உண்மை. அதனால்தான் சொல்லுகிறேன், நான் சொன்னதிலேயே கேடுகெட்ட பொய் அதுதான்.

அக்கா என்னைப் பார்த்தார். நூறு மீட்டர் ஓடி முடிக்கிற நேரம் பார்த்தார். நான் மேசை விரிப்பில் இருந்த ஒரு மைக்கறையை ஆராய்ந்துகொண்டிருந்தேன். பிறகு அவர் சொன்னார்: "அலமாரிக்கு நான்தான் பொறுப்பு."

எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தீர்கள். அது அவருடைய கோப்பில் இன்றும் இருக்கிறது. அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் இந்த மலரை எழுதியவர் 'சறுக்கல்' என்று எழுதியிருக்கிறார். எழுதியவர்மேல் தவறில்லை.

வெளியே நடைவழியில் நான் அவர் பின்னாலேயே போனேன். "ஏம்மா நீங்க சொல்லலை?" என்று கேட்டேன். கேட்கிற யோக்கியதையைப் பாருங்கள். அவர் நின்றார். "நான் சொன்னா அது புகார் சார். ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு பேசுவாங்க. பிள்ளைங்க யாரை நம்புறதுன்னு தெரியாம நிப்பாங்க. நீங்க சொன்னா அதோட முடிஞ்சிடும். நீங்களே சொல்லிடுங்க. முக்கியமா அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க" என்றார்.

"பார்க்கலாம்மா" என்றேன்.

ஒன்பது வருஷம் பார்த்தேன். வருஷத்துக்கு ஒருமுறையாவது கேட்பார். சண்டை போடுகிற மாதிரி இல்லை, மழை வருமா என்று கேட்கிற மாதிரி. "சொல்லிட்டீங்களா சார்?" நான் "பார்க்கலாம்மா" என்பேன்.

வளைவுக்காரி அந்த வாரமே ஓடுவதை விட்டுவிட்டாள். அக்கா அவள் வீட்டுக்கு இரண்டு தடவை போனார். முதல் தடவை கதவு திறக்கவில்லை. இரண்டாவது தடவை அவள் வாசலில் நின்று, "மூணாவது கண்ணு பார்க்காதுன்னு சொன்னீங்களே அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அக்கா இதை என்னிடம் சொன்னபோதும் என் பெயரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த பருவத்தில் என்ன நடந்தது தெரியுமா? தாள்கள் எல்லாம் பதினைந்து. ஓடுகிறவன் பதினைந்து, எறிகிறவள் பதினைந்து, முதல் போட்டிக்கு வந்த பதினாறு வயதுப் பிள்ளை பதினைந்து. யாருக்கும் வயிறு கலங்கவில்லை, யாருக்கும் கை சில்லென்று இல்லை. அந்தப் பக்கம் கழிப்பறையில் வரிசையாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தாள்கட்டை என்னிடம் காட்டி, "பாருங்க சார், நம்ம ஆளுங்க எல்லாரும் ஞானியாயிட்டாங்க" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். கண் சிரிக்கவில்லை.

அதன்பிறகுதான் அந்த முறையைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாளை எழுதுவார்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பார்கள், பேசுவார்கள், பேசி முடித்ததும் தங்கள் கையாலேயே சுக்கு நூறாகக் கிழித்துப் போடுவார்கள். இன்று எனக்கு முன் பேசிய மூன்று பேர் அந்தக் கிழிக்கும் முறையைப் புகழ்ந்தீர்கள். பிற மைதானங்களிலும் பின்பற்றுகிறார்கள் என்றீர்கள். என்ன அழகான யோசனை என்றீர்கள். அழகான யோசனை இல்லை அது. இந்தக் கட்டடத்தில் ஒரு திருடன் இருக்கிறான், அவனைக் காட்டிக்கொடுக்காமல் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு பெண் கண்டுபிடித்த வழி. தான் பல வருஷம் சேர்த்து வைத்து ஆராய நினைத்த எண்களை எல்லாம் அதற்காக அவர் விட்டுக்கொடுத்தார். வளைவுக்காரிக்குப் போட்டாரே, அப்படி ஒரு கணக்கை அதன்பிறகு அவர் யாருக்கும் போட முடியவில்லை.

இதையும் கேட்டுவிடுங்கள்.

மருத்துவமனையில் கடைசியாக அவர் தெளிவாகப் பேசிய நாட்களில் ஒருநாள் போனேன். இளைத்துப் போயிருந்தார். நாற்காலியைப் பக்கத்தில் போடச் சொன்னார். கேட்டார்: "சொல்லிட்டீங்களா சார்? அந்தப் பொண்ணுகிட்ட?"

இந்தத் தடவை 'பார்க்கலாம்மா' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "சொல்லிட்டேம்மா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லது சார், நல்லது சார்" என்றார். பிறகு, "என்ன சொன்னா? வந்து பார்ப்பாளா?" என்று கேட்டார்.

"வருவாம்மா" என்றேன்.

சாகப் போகிறவரிடம் ஆறுதலுக்குச் சொன்ன பொய் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு பதினொரு நாள் இருந்தார். அவருடைய கணவர், அடக்கம் முடிந்த அன்று, என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். "கடைசி நாள் வரைக்கும் சாயங்காலம் நாலு மணிக்குத் தலை வாரிவிடச் சொல்லுவா சார். பக்கத்து நாற்காலியில யாரையும் உட்கார விட மாட்டா. யாரோ வர்றாங்கன்னு சொல்லுவா. யாருன்னு சொல்லலை. மருந்து மயக்கம்னு நினைச்சேன்."

அது மருந்து மயக்கம் இல்லை ஐயா. நான் சொன்ன பொய்யை நம்பி உங்கள் மனைவி காத்திருந்தார். நீங்கள் தினமும் தலை வாரிவிட்டது அதற்குத்தான். உங்கள் காலில் விழ வேண்டியவன் நான். எல்லோர் முன்னாலும் விழுந்தால் அதுவும் ஒரு நாடகமாகிவிடும், அதனால் நின்றுகொண்டே சொல்கிறேன். என்னை மன்னிக்க வேண்டாம், உங்கள் மனைவியை மட்டும் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

வளைவுக்காரி இந்தக் கூட்டத்தில் இருக்கிறாள். அவள் இப்போது ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள் என்று கேள்விப்பட்டேன். பணிச் சீருடையோடு கதவோரம் நிற்கிறாள். நான் மேடையில் ஏறும்போதே பார்த்தேன். ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தவள் இன்று வந்திருக்கிறாள். யாரையும் மன்னித்து வந்தாளோ, வெறும் மரியாதைக்கு வந்தாளோ எனக்குத் தெரியாது.

அம்மா, உனக்கு இப்போது இருபத்தெட்டு வயது. நான் உன்னை வா போ என்று பேசியே பழகிவிட்டேன், பொறுத்துக்கொள். உன் தாளை உன் அக்கா யாருக்கும் காட்டவில்லை. நான் சாவி போட்டுத் திறந்து எடுத்தேன். உன் கை நடுங்கியது குற்றமே இல்லை, அதுதான் உன் வேகம் என்று அவர் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். அதை உன்னிடம் வந்து சொல்லியிருந்தால் நீ திரும்பி ஓட வந்திருப்பாய். பத்தொன்பது வயதில் உன் ஓட்டத்தை நிறுத்தியவன் நான். உன் வீட்டு வாசலில் நின்று உன் பேச்சைக் கேட்டுக்கொண்டவர் எந்தத் தப்பும் செய்யாதவர். நீ அவரைப் பார்க்க வராமல் போனதற்கும் பொறுப்பு உன்னுடையது இல்லை. அதையும் என் தலையிலேயே போடு.

அவையோரே, அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று சொல்லி முடிப்பதுதான் முறை. அவர் பணியைத் தொடர எனக்கு என்ன அருகதை? ஆனாலும் சில காரியங்கள் என் கையில் இருக்கின்றன. அந்த எச்சரிக்கைக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுக்கச் சொல்லி, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேடை ஏறுமுன்பே செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். நாளைக் காலை அது அறிவிப்புப் பலகையில் இருக்கும். இந்த மலரின் மூன்றாம் பக்கம் என் பெயரோடு திருத்தி அச்சிடப்படும். தேர்வுக் குழுவிலிருந்து இன்றோடு விலகுகிறேன். தலைவர் அவர்களே, பயிற்சியாளர் வேலையிலும் நான் இருக்கலாமா என்பதைக் குழு முடிவு செய்யட்டும், நான் வாதாட மாட்டேன்.

இன்னொன்று. அவர் படுத்த படுக்கையான இந்த ஐந்து மாதத்தில் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் அறையில் மறுபடியும் தடைகளை அடுக்கிவிட்டார்கள். அடுக்கச் சொன்னவனும் நான்தான். அவற்றை நானே வெளியே தூக்கிப் போடுகிறேன். அடுத்த ஆலோசகர் வரும்போது அந்த அலமாரிக்கு ஒரே ஒரு சாவி இருக்கட்டும், அது அவரிடம் இருக்கட்டும். இளம் பயிற்சியாளர்களே, பிள்ளைகளின் பயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் முதலில் உங்கள் பயத்தை அவர்களிடம் சொல்லுங்கள். 'எனக்கும் வயிறு கலக்குது' என்று சொல்லுங்கள். நான் வேலையில் இருந்தால் நானும் சொல்வேன். டீயின்மேல் பழி போட மாட்டேன்.

நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்குக் கீழே ஒரு வரி இருக்கிறது. என் உரைக்குப் பிறகு, என் தலைமையில், அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். தயவுசெய்து அதை என்னிடம் கேட்காதீர்கள். நான் ஒன்பது வருஷம் மௌனம் காத்தவன். அதில் அக்காவுக்கு ஒரு மரியாதையும் இருக்கவில்லை.

அதனால் அந்த நிமிஷத்தை வேறு விதமாகச் செலவழிப்போம். ஒலிபெருக்கியை அணைக்காமல் இங்கேயே விட்டுவிட்டு இறங்குகிறேன். கதவோரம் நிற்கும் பெண்ணுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் வழி விடுங்கள். என்னைத் திட்டுவதானாலும் சரி, அவள் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடாதீர்கள். அவள் பேச விரும்பாவிட்டால், அக்காவைத் தெரிந்த வேறு யாராவது வந்து பேசுங்கள். நான் மேடையில் உட்காரப்போவதில்லை. கீழே, அவர் கணவருக்குப் பக்கத்தில், அவர் அனுமதித்தால், உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.